படகுத் தளத்தின் தூள்

எங்கள் மண்ணூர்பேட்டைப் பட்டறைக்கு ஒரு பழைய மோட்டார் படகு லாரியில் வந்திருந்தது. கால் வைத்தால் அமுங்கும் அதன் மேல்தளத்தைப் பெயர்த்துப் புதிதாகப் போடுவது என் வேலை. அறுக்கும் கிரைண்டரை அதன்மேல் வைத்ததும் பழைய பைபரின், அந்தக் கண்ணாடியிழைத் தூளின் வாசனை குப்பென்று எழுந்தது. அது என் நைனாவின் வாசனை.

அவருக்கும் இதே தொழில்தான். காட்டுப்பாக்கம் வீட்டு வாசலில் அவருடைய சைக்கிள் மணி கேட்டதும் ஓடுவேன். சட்டென்று இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வார்.

"கிட்ட வராதம்மா. ஒடம்பெல்லாம் தூளு கீது, குத்தும்."

என் முகம் சுருங்கிவிடும். உடனே குனிந்து, என்னைத் தொடாமல், நெற்றியில் மெல்ல ஊதுவார். முன்முடி பறக்கும்.

"கொஞ்சியாச்சு, போ!"

உள்ளேயிருந்து அம்மா கத்துவாள்: "மொதல்ல குளிய்யா! சட்டைய தனியா போடு!" ஒருமுறை அந்தச் சட்டையோடு என் பாவாடையும் ஊறிவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் சொறிந்தேன்.

அதனால் நான் எப்போதும் பட்டறையிலேயே குளித்துவிட்டுத்தான் கிளம்புவேன். இன்று அங்கே தண்ணீர் வரவில்லை. அப்படியே வீட்டுக்கு வந்தேன். கூடத்து நாற்காலியிலிருந்து நைனா கையை நீட்டினார். அவருக்கு வயதாகிவிட்டது, பேச்சும் குறைந்துவிட்டது.

"இரு நைனா, குளிச்சிட்டு வரேன். ஒடம்பெல்லாம் தூளு" என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மூக்கை உறிஞ்சினார். "படகா?"

"ஆமா. பழைய தளத்த பேத்துகினு இருந்தேன்."

தலையாட்டினார். பிறகு முன்முடியெல்லாம் கொட்டிப்போன நெற்றியை என் பக்கம் நீட்டி, கண்களை மூடிக்கொண்டார்.