மெஷின் பக்கத்து ஸ்டூல்

என்னை ஓரிடத்தில் உட்கார வைக்க எங்கள் வீட்டில் யாராலும் முடிந்ததில்லை. அப்போது எனக்குப் பதினோரு வயது. சாப்பிடும்போதுகூட எழுந்து ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் அடுத்த வாய். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா திட்டுவாள்.

மாரமங்கலத்தில் எங்கள் வீட்டின் பக்கத்து அறையில், மிளகு மூட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, சித்தப்பா ஒரு லேசர் மெஷின் வைத்திருந்தார். மெல்லிய பலகையை ஒளியாலேயே வெட்டும். சுற்றுலா வருகிறவர்கள் வாங்கும் ஏரிக்கரைக் கடைகளுக்குச் சாவிக்கொத்து செய்து கொடுப்பார். மெஷினைவிட அதன் சட்டங்கள்தான் பெரியவை. மூடியைத் திறந்து வைத்து ஓட்டக் கூடாது. புகைக்குழாய் போகும் ஜன்னலை, எவ்வளவு பனி அடித்தாலும் சாத்தக் கூடாது. ரெக்சின் துண்டை உள்ளே வைக்கவே கூடாது, அந்தப் புகை விஷம். எல்லாவற்றுக்கும் மேல், மெஷின் ஓடும்போது பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும். இதற்காகவே ஒரு ஸ்டூல். சித்தப்பா மணிக்கணக்கில் அதில் உட்கார்ந்திருப்பார். பார்க்கிற எனக்குத்தான் இருப்புக்கொள்ளாது.

அந்த மார்கழியில் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஐம்பது கேடயங்கள் செய்யும் வேலை அவருக்கு வந்தது. பள்ளியும் இதுபோல ஒரு மெஷின் வாங்கப் போவதாகவும், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை அவருக்குத்தான் என்றும் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். சித்தப்பாவுக்கு அதுதான் முதல் நிரந்தர வேலையாக இருந்திருக்கும். மெஷினே வந்து சேரவில்லை, அதற்குள் இரண்டு சட்டைகளைத் தேய்த்து ஆணியில் மாட்டிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடைசிப் பத்துக் கேடயங்கள் உள்ளே வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தன. பள்ளியிலிருந்து போன் வந்து பாதிப் பேச்சில் அறுந்தது. சிக்னல் வேண்டுமென்றால் ரோட்டு வளைவுப் பலா மரத்தடிக்குத்தான் போக வேண்டும். மெஷினை நிறுத்திவிட்டுப் போயிருக்கலாம். அவசரத்தில் அவர் என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார்.

“கண்ணு, ரெண்டே நிமிசம். நான் வர்ற வரைக்கும் எந்திரிக்காத. தீ தெரிஞ்சா அந்தச் செவப்புப் பட்டன அமுக்கு. மூடிய மட்டும் தொறந்துராத.”

மூடிக்குள் ஒளிப்புள்ளி இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் வந்தது. அது நகரலாம், நான் நகரக் கூடாது. ஸ்டூலின் காலை உதைத்தேன். மிளகு மூட்டைகளை இரண்டு தரம் எண்ணினேன். ரெண்டு நிமிசம் எப்போதோ முடிந்துவிட்டது என்று தோன்றியது.

அப்போது களத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “மழ வந்துருச்சு! காப்பி நனையுது, ஓடியாங்க!”

காப்பிப் பழம் காய்கிற மாதத்தில் இந்தக் குரல் கேட்டால் எங்கள் ஊரில் யாரும் யோசிப்பதில்லை. குளிக்கிறவர்கூடத் துண்டோடு வந்து நிற்பார். நானும் ஓடினேன். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகத்தான் ஓடினேன். தார்ப்பாயின் ஒரு மூலையை இழுத்துப் போட்டு நிமிர்ந்தால், எதிர் மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் சித்தப்பா! பலா மரத்தடியிலிருந்து அவரும் ஓடிவந்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்தார். அடுத்த நொடி தார்ப்பாயை விட்டுவிட்டு அறையைப் பார்த்து ஓடினார்.

மூடிக்குள் தீ எரிந்துகொண்டிருந்தது. பட்டனை அமுக்கிவிட்டு, பின்னாலேயே போன என்னை வெளியே தள்ளி, கதவோரத்துத் தீயணைப்பு உருளையை எடுத்து அடித்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மெஷினின் மூடி உருகித் தொங்கியது. பத்துக் கேடயங்களும் கரி.

திங்கட்கிழமை மீதி நாற்பதை எடுத்துக்கொண்டு அவர் பள்ளிக்குப் போனபோது நானும் கூடவே போனேன். என் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்று வழியெல்லாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

தலைமையாசிரியை நல்லவர். மெஷின் எரிந்த கதையைக் கேட்டதும், “கரண்ட் ஏத்த இறக்கத்துல ஆயிருக்கும். நம்ம மலையில அது சகஜந்தானே” என்றார்.

கையில் கொடுத்த சாக்கு. சித்தப்பா தலையாட்டினால் போதும், வேலை அவருக்கு.

“இல்லைங்க மேடம். கரண்டு நல்லாத்தானுங்க இருந்துச்சு. மெஷின ஓட உட்டுட்டுப் போயிட்டனுங்க. பக்கத்துல ஆள் இல்லீங்க, அதானுங்க.”

“யாரு, நீங்களா?”

“நான்தானுங்க.”

தலைமையாசிரியை நாற்பது கேடயங்களையும் எண்ணி எடுத்து வைத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இப்படியும் ஒரு அப்பாவியா என்று சிரிப்புகூட வந்தது.

ஜூனில் பள்ளிக்கு மெஷின் வந்தது. கற்றுக்கொடுக்கச் சேலத்திலிருந்து வேறொருவர் வந்தார். சித்தப்பாவின் சட்டைகள் ஆணியிலேயே கிடந்தன. பள்ளி மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதைத் தரையோடு சேர்த்துத் திருகாணியால் முடுக்கியிருந்தார்கள். ஆள் எழுந்தால் மெஷினை நிறுத்த வேண்டும் என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. அன்று அவர் கரண்ட் மேல் பழியைப் போட்டிருந்தால், பள்ளியில் ஒரு ஸ்டெபிலைசரை வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார்கள். பிள்ளைகள் மெஷினை ஓடவிட்டு மணியடித்ததும் விளையாடப் போயிருப்பார்கள். இதெல்லாம் எனக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று.

அந்த வருஷம் பள்ளியில் என் முறை வந்தபோதோ, இந்த ஸ்டூலைக் கண்டுபிடித்தவன் எவன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே அதில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.