ஏழு வருடம் பூட்டப்பட்ட என் நாவல்

மும்பை தாராவியில் தையல் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் தெருவை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லி, அதிகாரிகள் முதலில் பக்கத்துத் தெருக்களில் வீடு வீடாக எண் எழுதிப் போனார்கள். எண் இருந்தால்தான் மாற்று வீடு. அதைக் கிண்டல் செய்து ஒரு நாவல் எழுதினேன். அதில் கோழிக்கூண்டுக்கு எண் கிடைக்கும். கோழி வளர்ப்பவருக்குக் கிடைக்காது.

சென்னைப் பதிப்பாளர் ஒருவர் உடனே ஏற்றுக்கொண்டு ஒப்பந்தம் அனுப்பினார். சந்தோஷத்தில் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன். எட்டு மாதமாகியும் புத்தகம் வராததால் போன் செய்தேன்.

"இப்ப போட்டா வம்பு சார். இடிச்சு முடியட்டும், பார்க்கலாம்."

"அப்புறம் போட்டு என்ன பிரயோஜனம்? திருப்பிக் குடுங்க, வேற ஆளைப் பார்க்கேன்."

"ஏழு வருஷத்துக்கு உரிமை எங்களுதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே!"

என் மனைவி செல்வராணி ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்தாள். "கடைசிப் பக்கத்துல தெளிவாப் போட்டிருக்கே. வாசிக்காமலா கையெழுத்துப் போட்டிய?" என்றாள்.

போன மாதம் எங்கள் பட்டறைக்கு எண் எழுதினார்கள். நாங்கள் குடியிருக்கும் மேல்மாடிக்கு எண் கிடையாது என்றார்கள். நான் வேடிக்கையாக எழுதியது எங்களுக்கே நடந்தது. அதைச் சொல்லும் நாவலோ என் கையில் இல்லை.

இப்போது எந்தத் தாளையும் செல்வராணி சத்தமாக வாசித்த பிறகுதான் பேனாவை எடுக்கிறேன். புதிதாக எழுதும் புத்தகங்களின் ஒப்பந்தத்தில், ஆறு மாதத்தில் வெளியிடாவிட்டால் உரிமை எனக்கே என்று ஒரு வரி சேர்க்கவும் சொல்கிறேன். முதல் நாவலுக்கு இரண்டு வருடம் போக இன்னும் ஐந்து வருடம் பாக்கி. அது வரும்போது படித்துச் சிரிக்க எங்கள் தெருவில் யார் இருப்பார்களோ, தெரியவில்லை.