சீட்டு உருவிய நத்தைகள்

எங்கள் வீட்டில் பட்டுச்சேலை வியாபாரம். ஒவ்வொரு சேலையின் மடிப்பிலும் நெய்தவரின் பெயரும் ஊரும் எழுதிய சீட்டு இருக்கும். வெளியூர் வியாபாரி வந்தால், முதல் வேலையாக அப்பா அதை உருவிவிடுவார். இல்லாவிட்டால் அந்த ஆள் அடுத்த முறை எங்களை விட்டுவிட்டு நேராக நெசவாளி வீட்டுக்கே போய்விடுவான். எட்டு வயதிலேயே எனக்கு இந்தத் தொழில் ரகசியம் அத்துப்படி. அந்தப் பெருமையில்தான் வினையே வந்தது.

அப்பாவின் தங்கை, என் அத்தை, கடல் நத்தைகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். விஷ ஊசியால் இரையைக் குத்தி விழுங்கும் கூம்பு நத்தைகள். பாம்பனுக்கு வடக்கே கிடைப்பவையும் தெற்கே கிடைப்பவையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அவை ஒரே இனமா, இரண்டா என்பதுதான் அவளுடைய கேள்வி. அந்த வருடத்துக்குள் ஆய்வை எழுதி முடித்தால் மேலே படிக்கலாம், இல்லையென்றால் போளூர் மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும் என்று அப்பா கெடு வைத்திருந்தார்.

விடுமுறைக்கு வந்தவள் ஓடுகளை வடக்குக்கு ஒன்று, தெற்குக்கு ஒன்று என இரண்டு தட்டுகளில் பரப்பி அளந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு ஓட்டின் வாயிலும் ஒரு சுருட்டிய சீட்டு. ஒருநாள் மதியம் அவள் கடைக்குப் போயிருந்தபோது, என் சிநேகிதிகள் நத்தை பார்க்க வந்தார்கள். அவர்கள் வியாபாரிகள் இல்லைதான். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. சீட்டையெல்லாம் உருவிக் குவித்தேன். பிறகு சேலை அடுக்குவதுபோல டிசைன் பார்த்து, கோடு போட்டதை ஒரு தட்டிலும் புள்ளி வைத்ததை மற்றதிலும் அடுக்கினேன்.

அத்தை வந்து பார்த்தாள். கத்தவில்லை.

"இன்னாம்மா, பாப்பா நீட்டாத்தானே அடுக்கிகீது?" என்றார் அப்பா.

"எந்தப் பக்கம் எடுத்ததுன்னு சீட்டுலதாண்ணா இருந்துச்சி."

"சீட்டு இங்கயேதான கீது. எடுத்து வச்சிடு."

"எது எதுக்குன்னு யாருக்குத் தெரியும்? இனிமே இது வெறும் ஓடு. இன்னும் ஒரு வருஷம் குடுங்கண்ணா, மறுபடி போய் எடுத்துகினு வந்துடறேன்."

மறுவாரம் போளூருக்குத் தாம்பூலத் தட்டு போனது.

தை மாதம் கல்யாணம். எனக்குப் புதுப் பாவாடை. மணமேடையில் ஏறி அத்தையின் காதோடு சொன்னேன்.

"உன் கல்யாணத்துல நாந்தான் ரொம்ப சந்தோஷமா கீறேன் அத்தை."

"தெரியும்" என்றாள் அத்தை, அவிழ்ந்திருந்த என் ரிப்பனைக் கட்டிவிட்டபடி.

அத்தைக்கு என்மேல் கோபமே இல்லை என்று ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.