மூன்று கோழிகளும் இரண்டு லெட்டர்களும்

கோழி வளர்க்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று உங்களுக்காவது தெரியுமா? மும்பை செம்பூரில் எங்கள் தரைத்தள வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் உண்டு. யூடியூப் பார்த்த ஜோரில் குர்லா போய் மூன்று கோழிகளை வாங்கிவிட்டேன். அனுமதியைப் பற்றி அப்புறம்தான் யோசித்தேன்.

எங்கள் குடியிருப்பு சொசைட்டியின் செக்ரட்டரி அண்ணாச்சி, "வார்டு ஆபீஸ் லெட்டர் கொண்டு வாலே. இல்லன்னா எல்லாத்தையும் தூக்கிரணும்" என்றார். வார்டு ஆபீஸ் கிளார்க்கோ, "பஹ்லே சொசைட்டி கா லெட்டர் லாவ்" என்று முதலில் சொசைட்டி லெட்டரைக் கேட்டுத் திருப்பி அனுப்பினார். மண்டை காய்ந்தது.

சொசைட்டி மீட்டிங்கில் நான் பயந்தது மாடி வீட்டு மாமிக்குத்தான். பாலக்காட்டுக்காரர், முட்டை வாசனைகூட ஆகாது. ஆனால் "நாத்தம் தாங்கலவே" என்று குதித்தவர், வாராவாரம் சிக்கன் வாங்கும் அண்ணாச்சி. மாமி என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"முட்டை போடறது நின்னுட்டா வெட்டிடுவியாடா?"

"மாட்டேன் மாமி."

"சத்தியமா?"

"சத்தியமா மாமி."

"அப்போ இருந்துட்டுப் போகட்டும். செக்ரட்டரி சார், லெட்டர் எழுதுங்கோ. மொதல் கையெழுத்து நான் போடறேன்."

ஒரு வார்த்தை பேசிப் பார்க்காமலே அவரை எதிரியாக்கி வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

லெட்டரோடு வார்டு ஆபீசுக்கு ஓடினேன். கையெழுத்துப் போட வேண்டிய சாஹேப் லீவாம், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அதுவரை கோழிகள் வெளியே தெரியக்கூடாது என்கிறார் அண்ணாச்சி. மூன்றும் இப்போது எங்கள் பாத்ரூமில் நிற்கின்றன. நான் இன்னும் குளிக்கவில்லை.