நெற்றியில் ஒரு பள்ளம்

போன வருஷம், ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு இரண்டே நாள் இருக்கையில், முகம் தருகிறேன் என்று சொன்ன வகுப்புத் தோழி காய்ச்சல் என்று காலை வாரிவிட்டாள். பேசுகிற முகத்தை அது அசைய அசைய முப்பரிமாணத்தில் பிடிப்பதுதான் என் ப்ராஜெக்ட். ப்ரொஜெக்டர் முகத்தின்மேல் வெள்ளைக் கோடுகளை வரிவரியாக அடிக்கும். அவை எங்கெங்கே வளைகின்றன என்று இரண்டு கேமராக்கள் பார்க்கும். அதை வைத்துக் கம்ப்யூட்டர் மேடு பள்ளம் கணக்குப் போடும். முகமே இல்லாமல் எதைப் பிடிக்க? அப்பாவைக் கூப்பிட்டேன்.

ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி காலேஜுக்கு வந்தார். நெற்றியில் பளிச்சென்று திருமண். "பாசுரம் சொல்லட்டுமா?" என்று ஆசையாகக் கேட்டு ஆரம்பித்தார். திரையில் உதடும் தாடையும் அவ்வளவு அழகாக அசைந்தன. நெற்றியில் மட்டும் ஒரு பள்ளம்! திருமண்ணின் வெள்ளைக் கோடுகளையும் தான் அடித்த கோடுகள் என்று எடுத்துக்கொண்டு தொலைத்திருந்தது என் ப்ரோக்ராம்.

எனக்கு வந்ததே கோபம். "இது சரிப்படாதுப்பா. அதை அழிச்சுடுங்கோ" என்றேன். அவர் முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, பாவி நான்.

குளித்ததும் திருமண் இட்டுக்கொள்ளாமல் ஒரு வாய் காபி குடிக்காத மனுஷர். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட அம்மா கையால் இட்டுக்கொண்டவர். வேஷ்டி நுனியை நனைத்துத் துடைத்தார். இந்தத் தடவை பாசுரம் சொல்லவில்லை. "இந்த நெத்தியோட அது வேண்டாம்மா" என்றுவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். முடிந்ததும், "ஆச்சா? இனிமே இட்டுக்கலாமோ?" என்று என்னிடம் அனுமதி கேட்டார்.

திருமண் பெட்டி வீட்டில் இருந்தது. திரும்பும் பஸ்ஸில் அங்கவஸ்திரத்தைத் தலையோடு இழுத்து நெற்றியை மறைத்துக்கொண்டார். "வெயில்" என்றார். மணி ஆறரை.

ரிவ்யூவில் கைடு ஐந்து நிமிஷம் பார்த்தார். "பேச்சுக்கு வாயும் தாடையும் போதும்மா. மூக்குக்கு மேலே வெட்டிடு" என்றார். வெட்டினேன். அப்படியானால் முதலில் பிடித்ததே போதுமே! பாசுரம் சொன்ன முகமே போதுமே! எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

அன்று நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்டார்: "நெத்தி நன்னா விழுந்துதோ?"

"ரொம்ப நன்னா விழுந்துதுப்பா."

"அப்போ சரி" என்றார். "அதுக்காகத்தானே அழிச்சேன்."