காது கேட்கும் முன்பே சொன்ன ஆமென்

லிஜாவுக்கு ஆமென் சொல்ல யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மேல்புறம் ஊரில் அவள் வளர்ந்த சபையில் பிள்ளைகள் பேசப் பழகும்போதே ஆமென்னும் சேர்ந்து வந்துவிடும். கம்மல் கூடாது, பூ கூடாது, டி.வி. கூடாது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்பு. பாஸ்டர் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்திலெல்லாம் சபை ஆமென் போட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால், "என்ன, எல்லாரும் பட்டினியா வந்திருக்கீங்களா?" என்று மேடையிலிருந்து குத்தல் வரும்.

கடல் ஏறி வந்து குளச்சலில் வீடுகளையும் ஆட்களையும் வாரிக்கொண்டு போய் இரண்டு வாரம் ஆகியிருக்கும். போனவர்களில் ஜிஷாவும் ஒருத்தி. நாகர்கோவில் கல்லூரியில் லிஜாவின் பக்கத்தில் உட்காருகிறவள், கத்தோலிக்கப் பிள்ளை. பொரித்த மீனை இவள் டப்பாவில் தள்ளிவிட்டு, "இதுக்காவது உங்க சபையில தடை இல்லயே?" என்று சிரிப்பவள். அந்த ஞாயிற்றுக்கிழமை லிஜாவின் உடம்புதான் சபையில் இருந்தது, மனம் ஜிஷாவிடம் இருந்தது. பாஸ்டரின் குரல் ஏறி, ஓரிடத்தில் நின்றது. அவள் வாய் பழக்கத்தில் ஆமென் என்றது, அதுவும் சத்தமாக. சொல்லி முடித்த பிறகுதான் அவர் சொன்னது மனதில் உறைத்தது. சிலையைக் கும்பிட்ட கரையைக் கர்த்தர் கடலால் அடித்தாராம்.

கூட்டம் முடிந்ததும் நேரே அவரிடம் போனாள். "ஜிஷாவையுமா பாஸ்டர்?" என்று கேட்டாள். கர்த்தரின் நியாயத்தீர்ப்பைக் கேள்வி கேட்பது பிசாசின் வேலை என்றார் அவர். மனுஷனுக்கு ஒரு நொடிகூட நாக்கு தடுமாறவில்லை.

அடுத்த வாரம் லிஜா போகவில்லை. அம்மா ஞானசெல்வி வெள்ளைச் சேலையோடு வாசலில் நின்று அழுதாள்.

"சபைய விட்டா ரட்சிப்பையும் விட்டதுதான், ஏட்டி. எனக்க பிள்ள நரகத்துக்குப் போறத நான் பாத்துட்டு இருக்கணுமா?"

"சபையத்தான் விட்டேன் அம்மா. கர்த்தர விடல்ல."

அது உண்மை. அதுதான் தொல்லையும். கடவுளையும் சேர்த்து விட்டிருந்தால் நிம்மதியாக உறங்கியிருப்பாள். ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. பஸ்ஸிலும் அடுப்படியிலும் ஜெபித்தாள். ஆனால் முடிக்கிற இடம் வந்ததும் ஆமென் மட்டும் வாயில் வராது. மார்த்தாண்டத்தில் வேறொரு கோயிலுக்குப் போய்ப் பார்த்தாள், பிரசங்கம் தொடங்கும் முன்பே எழுந்து வந்துவிட்டாள். எங்கே உட்கார்ந்தாலும் முள்மேல் இருப்பு.

மூன்றாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜிஷாவின் அம்மாவைத் தேடிக் குளச்சலுக்குப் பஸ் ஏறினாள். சுனாமிக் குடியிருப்பில் வியாகுலம்மாள் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். லிஜாவை அடையாளம் கண்டதும் முகம் மலர்ந்தது. உட்காரச் சொன்னாள். லிஜா உட்காரவில்லை. பாஸ்டர் சொன்னதை நின்றபடியே சொல்லிவிட்டாள்.

வியாகுலம்மாளின் கை நின்றது. "அவருக்க சபைக்கு இங்கயிருந்து எம்புட்டு தூரம்?"

"ஒண்ணர மணிக்கூர் இருக்கும் அம்மா."

"வரச்சொல்லு. எனக்க முன்னால வந்து நின்னு சொல்லட்டு."

"வரமாட்டாரு."

"அப்போ நீ என்னத்துக்கு வந்த? மூணு வருஷம் கழிச்சு இத எனக்கிட்ட சொல்லணுமா?"

"அவரு சொன்னப்போ நானும் ஆமென் சொன்னேன் அம்மா. கேக்காம சொல்லிட்டேன். ஆனா சொன்னேன்."

வியாகுலம்மாள் எழுந்து உள்ளே போனாள். லிஜா வெயிலில் நின்றாள். ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆண்டவரே, இந்த அம்மா என்னை அடித்தாலும் பரவாயில்லை, பேசாமல் மட்டும் இருந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

வியாகுலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"மன்னிச்சேன்னு வாயால சொல்லிரலாம் மக்கா. மனசுல இல்ல. இல்லாதத நான் சொல்லமாட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழம வா, பாப்போம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞானசெல்வி வெள்ளைச் சேலை உடுத்துச் சபைக்குக் கிளம்பினாள். அதே நேரத்துக்கு லிஜாவும் கிளம்பினாள், குளச்சல் பஸ்ஸுக்கு.