எனக்கு மட்டும் கழரும் இடது பெடல்

இன்றைக்கும் கழரவில்லை!

எது என்று கேட்கிறீர்களா? என் எலெக்ட்ரிக் சைக்கிளின் இடதுபக்கக் கிராங். (தெரியாதவர்களுக்கு: பெடலை நடு அச்சோடு இணைக்கிற உலோகக் கை.)

வீடு லண்டனில் ஹவுன்ஸ்லோ, வேலை விமான நிலையத்தில். காலை ஷிப்ட் முடிந்த கையோடு இந்தச் சைக்கிளில் ஏறினால்தான், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு மகளை எடுக்க வாசல் கேற்றடியில் நிற்கலாம். பஸ் என்றால் இரண்டு மாற வேண்டும், அது நடக்காத காரியம். மனைவிக்கும் அந்த நேரம் வேலை.

ஆகவே எங்கள் குடும்பம் முழுவதும் ஒரு போல்ட்டை நம்பி இருக்கிறது.

அந்தப் போல்ட்டுக்கோ என்னைக் கண்ணில் காட்டக் கூடாது!

இறுக்கினால் சில நாள் நிற்கும். பிறகு மிதிக்க மிதிக்க 'டக், டக்' என்று சத்தம் வரும். குனிந்து பார்த்தால் கிராங் ஆடிக்கொண்டிருக்கும்.

நான் ஊரில் நடக்கப் பழகிய கையோடு சைக்கிள் ஓடப் பழகியவன். லண்டனில் ஒருவன் எனக்குச் சைக்கிளைப் பற்றிச் சொல்லித் தருவதா? நானே அலன் கீ வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கினேன்.

கழன்றது.

வேலையிடத்தில் ஒருவர் எண்ணெய் விடச் சொன்னார். இன்னொருவர் செத்தாலும் எண்ணெய் விட வேண்டாம் என்றார். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் போல்ட்டில் நீலப் பசை பூசச் சொன்னார். கோயிலில் ஃபாதரைக் கொண்டு ஆசீர்வதிக்கச் சொன்னவரும் உண்டு. (அதையும் செய்தோம். ஃபாதர் இடதுபக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தீர்த்தம் தெளித்தார்.)

கழன்றது!

கடைசியில் வெட்கத்தை விட்டு எங்கள் ரோட்டு முனையிலுள்ள சைக்கிள் கடைக்கே போனேன். கடைக்காரர் அளவு பார்த்து இறுக்குகிற ஸ்பனரால் இறுக்கித் தந்தார். அடுத்த கிழமையே திரும்பவும் டக், டக்.

இதற்கிடையில் என்னோடு வேலை செய்யும் குமரன், மலேசியாக்காரர், தன் கார் திருத்த கராஜில் நிற்கிறதென்று, மகளுக்குப் பள்ளி விடுமுறையான ஒரு கிழமைக்கு (ஏழு நாளும்), நான் இறுக்கி வைத்த சைக்கிளை வாங்கிப் போனார். என்னைவிட நல்ல பாரமான மனிதர். இவருக்கு வழியிலேயே கழன்று விழப்போகிறது என்று பயந்துகொண்டிருந்தேன்.

கொண்டுவந்து தந்தபோது, நன்றாகத்தான் ஓடுகிறது, எங்கேயும் ஆடவில்லையே என்றார்.

திரும்ப நான் அதை ஓடத் தொடங்கினேன். இரண்டாம் நாளே ஆட்டம்!

அதே சைக்கிள், அதே ரோட்டு, அதே குளிர். அவருக்குக் கழராதது எனக்கு மட்டும் ஏன் கழருகிறது?

அன்று பாதி வழியிலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். மகள் மட்டும் ஒஃபிஸில் கோட்டும் போட்டபடி, பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

வீட்டில் மனைவி சத்தம் போடவில்லை.

"இந்தக் கிழமைக்குள்ளை சரிவராட்டி உந்தச் சைக்கிளை வித்துப்போடுங்கோ. நான் வேலையை விடுறன். பிள்ளை இனி ஒரு நாளும் உப்பிடி இருக்கேலாது."

அவள் ஆசைப்பட்டுப் படித்துப் பெற்ற வேலை அது.

சனிக்கிழமை காலை திரும்பவும் இறுக்கி, வீட்டு வாசலில் ஓடிப் பார்த்தேன். மனைவி தேத்தண்ணியோடு கதவடியில் நின்றாள். அவள் சின்ன வயதிலேயே இங்கே வந்து, இங்கே சைக்கிள் பழகியவள்.

"நீங்கள் ஏன் ஒரு பக்கத்திலை தொங்கிக்கொண்டு போறியள்?"

"தொங்கேல்லை. ஏறுறன்."

"ஏறுறதெண்டா ஏறி இருந்திட்டெல்லோ மிதிக்கிறது. உங்கடை முழுப் பாரமும் உந்தப் பெடலிலைதானே நிக்குது. கழருறதும் உதுதானே?"

அப்போதுதான் நான் ஏறுகிற விதத்தையே கவனித்தேன்.

இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் நிலத்தை இரண்டு தரம் உந்தி, சைக்கிள் ஓடத் தொடங்கியதும் அந்தக் காலைப் பின்னால் வீசிப் போட்டு ஏறுவது. சைக்கிளில் ஏறுவதற்கு வேறு வழி இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை!

குமரனுக்கு போன் எடுத்து, எப்படி ஏறினீர்கள் என்று கேட்டேன்.

"சைக்கிள்ல எப்படி ஏறுவாங்க? காலைத் தூக்கிப் போட்டு, உட்கார்ந்துதான். உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

கடைக்குப் போய் ஏறிக் காட்டினேன். கடைக்காரர் பார்த்தார். இன்னொரு தரம் ஏறச் சொன்னார். பிறகு உள்ளே வேலை செய்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார். (என்னைப் பார்க்க டிக்கெட் விற்றிருக்கலாம்.)

ஆடின கிராங்கோடு ஓடி ஓடி அதன் துளையே தேய்ந்துவிட்டதாம், இனி எவ்வளவு இறுக்கினாலும் நிற்காதாம். இவ்வளவு பாரமான சைக்கிளில் தினமும் ஒரு பக்கத்தில் தொங்குவதும் நல்லதில்லையாம். அப்படியென்றால் முதலில் கழன்றதற்குக் காரணம் நானா, போல்ட்டா என்று கேட்டேன். தெரியாது என்றார். எனக்கும் இன்றுவரை தெரியாது.

புதுக் கிராங் போட்டாயிற்று. இப்போது நான் சைக்கிளில் ஏறப் பழகுகிறேன், இந்த வயதில்! சைக்கிளைச் சரித்து, காலைத் தூக்கிப் போட்டு, இருந்து, பிறகு மிதிக்க வேண்டும். என் இடது கால் என்னைக் கேட்காமலே பெடலுக்குப் போகிறது. அதை இறக்கி வைத்துவிட்டு நிற்கும்போது, அடுத்து எந்தக் கால் என்று மறந்துபோகிறது.

ஆனால் இன்றைக்கும் கழரவில்லை. இன்றைக்கும் மணியடிக்க முன்னமே கேற்றடியில் நின்றேன். மகள் வரிசையில் நின்றபடியே என்னைக் கண்டு கை காட்டினாள். நிம்மதியாக இருந்தது.

ஊரிலிருந்து வந்து இங்கே சைக்கிள் ஓடுகிறவர்களே, நீங்கள் எப்படி ஏறுகிறீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள், நான் மட்டும்தானா?

பின்னேரம் மனைவியிடம், அப்போ சைக்கிளை விற்கத் தேவையில்லைதானே என்று மெல்லக் கேட்டேன்.

"பிழை சைக்கிளிலை எண்டா வித்திருக்கலாம். பிழை உங்களிலையெல்லோ. உங்களை ஆர் வாங்குவினம்?"